வீட்டுல எட்ச் பண்ண பேசிக் கம்ப்யூட்டர் போர்டு ஓடலையா? அறிகுறியைப் பாத்து கோளாறைப் புடிங்க

முதல்ல எந்த போர்டைப் பத்திப் பேசுறோம்னு சொல்லிடுறேன். ரெண்டு ஏடிமெகா 328பி, அதாவது 28 கால் வெச்ச டிப் வகை மைக்ரோகன்ட்ரோலர் சிப். ஒண்ணுல டைனி பேசிக் (பேசிக் ப்ரோக்ராமிங் மொழியோட சின்ன வடிவம்) ஓடும், பிஎஸ்/2 கீபோர்டையும் அதுதான் படிக்கும். இன்னொண்ணுக்கு வேற வேலையே கிடையாது, பழைய டிவியோட மஞ்சள் ஆர்சிஏ ஓட்டைக்கு படம் வரைஞ்சுகிட்டே இருக்கும், டிவிஅவுட் லைப்ரரி வெச்சு. நடுவுல ஒரு சீரியல் ஒயர். இதோட ஒரு 7805 (அடாப்டர் வோல்ட்டை 5 ஆக்குற ரெகுலேட்டர்), ரெண்டு 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல், கைப்பிடி அளவு ரெசிஸ்டர் கெப்பாசிட்டர், அவ்ளோதான். சிங்கிள் சைடு காப்பர் போர்டுல லேசர் பிரிண்ட் எடுத்து, இஸ்திரி பெட்டி வெச்சுத் தேய்ச்சு, ஃபெரிக் குளோரைடுல போட்டு வேண்டாத காப்பரைக் கரைச்சு (அதுதான் எட்ச்) எடுத்தது.

ஏன் ரெண்டு சிப்னு கேப்பாங்க. 328பில மொத்த ரேம் 2 கேபி, அதாவது 2048 பைட். 128க்கு 96 புள்ளி கருப்பு வெள்ளைப் படத்துக்கே 1536 பைட் போயிடும், மிச்சம் 512ல பேசிக்கும் ஓட்டி ப்ரோக்ராமும் டைப் பண்ணணும்னா நடக்கிற காரியமில்ல. 1975ல டைனி பேசிக் கிளம்பினதே 4 கேபி, அதுக்கும் கம்மியா மெமரி இருந்த மெஷின்களுக்காகத்தான், அதனால ஒரு முழு சிப்பையும் அதுக்கே விட்டுட்டா தாராளமா ஓடும்.

இனி கோளாறு. ஒண்ணே ஒண்ணு மட்டும் புடிச்சுக்கோங்க: மீட்டர் இடத்தைக் காட்டுற வரைக்கும் சால்டரிங் அயர்னைத் தொடாதீங்க. ஓடலன்னதும் எல்லா ஜாயிண்டையும் வரிசையா ஒருதரம் சூடு காட்டி விடுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, அதுல ஒரு கோளாறு சரியானா ரெண்டு பேட் (காலைச் சால்டர் பண்ற காப்பர் வட்டம்) தூக்கிக்கும், அதுவும் அந்த பிரவுன் கலர் பேப்பர் ஃபினாலிக் போர்டா இருந்தா மூணு நாலு செகண்டுக்கு மேல சூடு தாங்காது. அப்புறம் பழைய கோளாறு எது புது கோளாறு எதுன்னே தெரியாது. ஐசி பேஸ் (சிப்பைச் சொருகிக் கழட்டுற சாக்கெட்) போட்டுத்தான் கட்டியிருப்பீங்கன்னு நம்புறேன், சிப்பை நேரா சால்டர் பண்ணியிருந்தா கீழ சொல்ற பாதி டெஸ்ட் பண்ண முடியாது.

பவர் கொடுக்குறதுக்கு முன்னாடியே மீட்டர் பீப் அடிக்குது

ரெண்டு சிப்பையும் கழட்டிட்டு, அடாப்டர் சொருகாம, 5 வோல்ட் லைனுக்கும் ஜிஎன்டிக்கும் (கிரவுண்ட், மைனஸ் லைன்) நடுவுல கன்டின்யூட்டி பாருங்க. முதல்ல ஒரு சின்ன பீப் வந்து நின்னுட்டா பயப்படாதீங்க, எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுது. விடாம கத்தினாத்தான் ஷார்ட்.

வீட்டுல எட்ச் பண்ண போர்டுல ஷார்ட் ரெண்டு இடத்துலதான் பெரும்பாலும். ஒண்ணு, ஐசி காலுக்கு நடுவுல போற ட்ராக். ரெண்டு காலுக்கு நடுவுல 2.54 மில்லிமீட்டர்தான், ரெண்டு பேட் போக மிச்சத்துல ட்ராக் போகணும், டோனர் கொஞ்சம் நசுங்கி பரவினாலே ஒட்டிக்கும். ரெண்டாவது, ஜிஎன்டிக்குன்னு விட்ட பெரிய காப்பர் பரப்போட ஓரம். போர்டை டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சுப் பாருங்க, வெளிச்சம் ஊடுருவி காப்பர் நிழல் மாதிரி தெரியும், முடி மாதிரி ஒரு கோடு ரெண்டு ட்ராக்கை சேத்திருந்தா அப்பவே தெரிஞ்சிடும். பிளேடு நுனியால ஒரு கீறு, மறுபடி மீட்டர். சால்டர் பாலமா ஒட்டியிருந்தா டீசால்டரிங் விக், அது இல்லன்னா ஃப்ளக்ஸ் தடவின ஒயர் நுனியே போதும்.

காப்பரை எவ்வளவு பாத்தும் ஒண்ணும் தெரியலன்னா கெப்பாசிட்டரை சந்தேகப்படுங்க, எலெக்ட்ரோலைட்டிக் தலைகீழா இருக்கான்னும் அப்பவே பாத்துடுங்க, கோடு போட்ட பக்கம் மைனஸ்.

7805 கை வைக்க முடியாம சுடுது

சிப் இல்லாமலே சுட்டா, முந்தின பத்திக்குப் போங்க, இல்லன்னா ரெகுலேட்டரை திருப்பிப் போட்டிருக்கீங்க. எழுத்து உங்களைப் பாக்குற மாதிரி வெச்சா இடமிருந்து வலமா இன்புட், ஜிஎன்டி, அவுட்புட். முதுகுல இருக்குற தகடு ஜிஎன்டியோட சேந்தது.

எல்லாம் ஓடுது, ஆனா சுடுதுன்னா அது கோளாறு இல்ல, கணக்கு. 12 வோல்ட் அடாப்டர் போட்டு, கீபோர்டும் சேத்து 200 மில்லி ஆம்பியர் இழுத்தா, மிச்ச 7 வோல்ட் 1.4 வாட்டா அந்த 7805ல சூடா இறங்கும். ஹீட் சிங்க் இல்லாத 7805க்கு வாட்டுக்கு 65 டிகிரின்னு போட்டா 91 டிகிரி ஏறும், அது ரூம் சூட்டுக்கு மேல. மே மாசத்துல மதியம் ரூமே 38 இருக்கும், கூட்டிப் பாருங்க, உள்ள 125ங்கிற வரம்பைத் தாண்டிடும், இன்னும் ஏறினா அப்பப்போ தானா அணைஞ்சு அணைஞ்சு வரும். அதைப் பாத்துட்டு சிப் ரீசெட் ஆகுதுன்னு ப்ரோக்ராம்ல தேடிகிட்டிருக்காதீங்க. 9 வோல்ட் அடாப்டருக்கு மாறுங்க, சூடு நாப்பது சதவீதத்துக்கு மேல குறையும். ரொம்ப குறைச்சு 6 வோல்ட்ல ஓட்டலாம்னு போனா அதுவும் ஆகாது, 7805க்கு தலைக்கு மேல ரெண்டு வோல்ட் வேணும், நடுவுல 1என்4007 டயோடு போட்டிருந்தா அது 0.7 சாப்பிடும். சதுர 9 வோல்ட் பேட்டரி வெச்சு இதை ஓட்டணும்னு ஆசைப்படாதீங்க, அது ரிமோட் காருக்கே பத்தாது.

5 வோல்ட் சரியா இருக்கு, சிப் போட்டா சிப் சுடுது

உடனே பவரைப் புடுங்குங்க. சிப்போட அரைவட்டப் பள்ளம் எந்தப் பக்கம்னு பாருங்க. சரியாத்தான் இருக்குன்னா, பேஸ்ல சிப் இல்லாம பவர் கொடுத்து மீட்டரை வோல்ட்ல வெச்சு ஒவ்வொரு காலா அளக்கணும். கறுப்பு ப்ரோப் 7805ஓட ஜிஎன்டி கால்ல. சிவப்பு 7லயும் 20லயும் 5 வோல்ட் காட்டணும். 22ல ஜீரோ. 1ல 5 வோல்ட், ஏன்னா ரீசெட்டுக்கு 10 கிலோ ஓம் புல்அப் (5 வோல்ட்டுக்கு இழுத்துப் புடிக்கிற ரெசிஸ்டர்) இருக்கு.

இதுல 7க்குப் பதிலா 22ல 5 வோல்ட் காட்டுதுன்னா, விஷயம் வேற. முழு போர்டையும் கண்ணாடி பிம்பமா பிரிண்ட் எடுத்துட்டீங்க. எதிரெதிர் கால்கள் மாறும் பாருங்க, 7க்கு எதிர்ல 22, 8க்கு எதிர்ல 21. இது டோனர் டிரான்ஸ்ஃபர்ல (அந்த இஸ்திரி முறையில) சர்வ சாதாரணம். கீழ் காப்பரை டிசைன் சாஃப்ட்வேர் மேல இருந்து ஊடுருவிப் பாக்குற மாதிரிதான் காட்டும், பேப்பர்ல அதை அப்படியே எடுத்து கவுத்து தேய்ச்சா தானா திரும்பி சரியாயிடும், அதனால கீழ் பக்கத்துக்கு மிரர் போடவே கூடாது. எட்ச் பண்றதுக்கு முன்னாடி போர்டு மேல ஒட்டின டோனர்ல எழுத்து நேரா படிக்க முடியுதான்னு பாத்தா போதும், அதுக்காகவே காப்பர் லேயர்ல ரெண்டு எழுத்து போட்டு வைங்க.

போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஐசி பேஸை காப்பர் பக்கம் வெச்சு சால்டர் பண்ணினா எல்லாம் நேராயிடும், பேஸோட உடம்பை ரெண்டு மில்லிமீட்டர் தூக்கி வெச்சா அயர்ன் நுனி உள்ள போகும். ரெசிஸ்டர், கிறிஸ்டல், டிஸ்க் கெப்பாசிட்டருக்கெல்லாம் எந்தப் பக்கம்னு கவலையில்ல. 7805 மட்டும் திருப்பிப் போடணும். கீபோர்டு சாக்கெட் பத்தி தனியா கீழ சொல்றேன், அது இதைவிட ஆபத்து.

ப்ரோக்ராமர் சிப்பையே கண்டுக்க மாட்டேங்குது

யூஎஸ்பிஆஸ்ப் ப்ரோக்ராமர் வெச்சு அடிக்கிறீங்கன்னா அதை ஓட்டுற ஏவிஆர்டியூட் சாஃப்ட்வேர் 'இனிஷியலைசேஷன் ஃபெயில்டு'ன்னு திட்டும், இல்லன்னா சிக்னேச்சர் (சிப்போட அடையாள எண்) எல்லாம் ஜீரோன்னு சொல்லும். முதல்ல ஒயர்: 17 மோசி, 18 மிசோ, 19 கிளாக், 1 ரீசெட். சீரியல்ல அனுப்புற டிஎக்ஸும் வாங்குற ஆர்எக்ஸும் குறுக்கா போகும், இங்க அப்படி இல்ல, மோசிக்கு மோசிதான் நேரா. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறவங்க நிறைய.

ஒயர் சரின்னா வேகம். கடையில இருந்து வந்த புது சிப் உள்ளுக்குள்ள இருக்குற 8 மெகாஹெர்ட்ஸை எட்டா வகுத்து 1 மெகாஹெர்ட்ஸ்லதான் ஓடும். ப்ரோக்ராமரோட கிளாக் சிப் கிளாக்குல கால்வாசிக்கும் கீழ இருக்கணும், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழ. ஏவிஆர்டியூட்ல மைனஸ் கேப்பிட்டல் பி போட்டு 10னு கொடுங்க, உங்க யூஎஸ்பிஆஸ்ப் அதைக் கேக்கலன்னா அதுலயே ஜேபி3னு ஒரு ஸ்லோ ஜம்பர் இருக்கும், அதை சேத்து விடுங்க.

சிக்னேச்சர் 1ஈ-95-0எஃப் வந்தா 328பி. 1ஈ-95-14 வந்தா பி இல்லாத வெறும் 328, சிப் மேல கடைசி எழுத்தைப் பாருங்க. அது கெட்டுப்போன சிப் இல்ல, ஏவிஆர்டியூட்டுக்குப் பேரை மாத்திச் சொன்னா போதும், போர்டு அப்படியே ஓடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேக்கும்போதே 'பி போட்டது'ன்னு அழுத்திக் கேளுங்க, ஆனா கிடைச்சதை வெச்சும் பிழைக்கலாம்.

நேத்து வரைக்கும் பதில் சொன்ன சிப் ஃபியூஸ் (சிப்புக்குள்ள இருக்குற செட்டிங்) மாத்தினதுக்கு அப்புறம் செத்த மாதிரி கிடக்குதா? சாகல. வெளி கிறிஸ்டல்ல ஓடுன்னு சொல்லிட்டீங்க, கிறிஸ்டல் ஆடல. 9, 10ம் கால்ல இருந்து கிறிஸ்டலுக்கும், அங்கிருந்து 22 பிகோஃபாரட் ரெண்டுக்கும் அப்புறம் ஜிஎன்டிக்கும் தொடர்பு இருக்கான்னு பாருங்க. கெப்பாசிட்டர் மேல 22ன்னு இருக்கணும், 220 இருந்தாலும் அது 22தான், 221ன்னு இருந்தா அது 220 பிகோஃபாரட், பத்து மடங்கு. ஃப்ளக்ஸ் மொத்தையா கிறிஸ்டல் காலுக்கு நடுவுல கிடந்தா ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல தேய்ச்சு எடுங்க. அப்பவும் வரலன்னா சிப்பைக் கொண்டு போய் அர்டுயினோ ஊனோ சாக்கெட்ல வைங்க, அங்க நல்ல கிறிஸ்டல் இருக்கு, அங்க பதில் வந்தா குத்தம் உங்க போர்டு கிறிஸ்டல் பக்கம்னு முடிவாயிடும்.

எல்ஈடி மின்னுது, ஆனா ஆமை வேகத்துல

ஒரு செகண்ட் எரிஞ்சு ஒரு செகண்ட் அணைய வேண்டிய பிளிங்க் ப்ரோக்ராம், 16 செகண்ட் எரிஞ்சு 16 செகண்ட் அணையுதுன்னா சந்தோஷப்படுங்க, போர்டு நல்லாருக்கு. ப்ரோக்ராம் 16 மெகாஹெர்ட்ஸுக்கு எழுதினது, சிப் 1 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது. கீழ் ஃபியூஸ் 62ன்னு ஃபேக்டரில வந்தபடியே கிடக்கு. ஊனோவுக்கு உள்ள மாதிரி கீழ் ஃபியூஸ் எஃப்எஃப், மேல் ஃபியூஸ் டிஈ, எக்ஸ்டென்டட் எஃப்டி அடிச்சா சரியாகும், அர்டுயினோ சாஃப்ட்வேர்ல 'பேர்ன் பூட்லோடர்' அழுத்தினா இதையெல்லாம் அதுவே பண்ணிடும், சீரியல்ல ப்ரோக்ராம் வாங்குற பூட்லோடரையும் ஏத்திடும்.

எல்ஈடியே வைக்கல, சீரியல்ல குப்பையா வருதுன்னாலும் இதே சந்தேகம்தான். 9600ல பேச வேண்டியது 16ல ஒரு பங்கா 600ல பேசிகிட்டிருக்கும். டெர்மினலை 600க்கு மாத்திப் பாருங்க, எழுத்து தெளிவா வந்தா ஃபியூஸ்தான், வேற எங்கயும் தேட வேண்டாம்.

அப்லோட் பண்ணா 'நாட் இன் சிங்க்'

யூஎஸ்பி சீரியல் மாட்யூலோட டிஎக்ஸ் சிப்போட 2ம் காலுக்கு, ஆர்எக்ஸ் 3ம் காலுக்கு. அதோட டிடிஆர் கால் (அதுதான் ரீசெட் கொடுக்கும்) 100 நானோஃபாரட் வழியா 1ம் காலுக்கு. அந்த கெப்பாசிட்டர் இல்லாம ஒயரை நேரா கொடுத்தா சிப் ரீசெட்லயே மாட்டிக்கிட்டு கிடக்கும். டிடிஆரே வெளிய வராத மாட்யூல்னா அப்லோட் ஆரம்பிக்கிற நேரத்துல ரீசெட் பட்டனை அழுத்தி விடணும், ஒண்ணு ரெண்டு தடவையில கைக்கு நேரம் புடிபட்டுடும்.

ரெண்டு சிப் போர்டுக்குன்னே ஒரு வில்லங்கம் இருக்கு. வீடியோ சிப் மட்டும் இருந்தா அப்லோட் ஆகுது, பேசிக் சிப்பையும் சொருகிட்டா ஆகல. காரணம், வீடியோ சிப்போட 2ம் காலுக்கு ரெண்டு முதலாளி: யூஎஸ்பி மாட்யூல் ஒண்ணு, பேசிக் சிப்போட 3ம் கால் இன்னொண்ணு. சீரியல் லைன் சும்மா இருக்கும்போது 5 வோல்ட்ல நிக்கும், பேசிக் சிப் அதை மேல இழுத்துப் புடிச்சுகிட்டு இருக்கும்போது மாட்யூல் கீழ இழுக்கப் பாக்குது. நடுவுல ஒரு ஜம்பர் வெச்சு அப்லோட் நேரத்துல கழட்டுங்க, இல்ல பேசிக் சிப் பக்கத்துல இருந்து வர்ற ஒயர்ல ஒரு 1 கிலோ ஓம் போடுங்க. ரெசிஸ்டர் வெச்சா ஒருதரம் சால்டர் பண்ணி மறந்துடலாம், ஜம்பரைக் கழட்டிட்டு மாட்ட மறந்து படம் வரலன்னு தேடுற வேலை மிச்சம்.

டிவி 'நோ சிக்னல்' காட்டுது, இல்ல படம் ஓடிகிட்டே இருக்கு

இது கொஞ்சம் விரிவா பாக்கணும், ஏன்னா நிறைய பேர் ப்ரோக்ராமைத்தான் நோண்டுறாங்க, கோளாறு ரெண்டே ரெண்டு ரெசிஸ்டர்ல இருக்கும். சிப்போட 15ம் கால்ல இருந்து 1 கிலோ ஓம், அது சிங்க். 13ம் கால்ல இருந்து 470 ஓம், அது படம். ரெண்டும் மறுமுனையில சேந்து ஆர்சிஏ நடு முள்ளுக்குப் போகும். டிவிக்குள்ள 75 ஓம் இருக்கு. சிங்க் மட்டும் மேல இருந்தா 0.3 வோல்ட், அது கருப்பு. ரெண்டும் மேல இருந்தா 0.95, கிட்டத்தட்ட முழு வெள்ளை. ரெண்டும் கீழ இருந்தா ஜீரோ, அதுதான் டிவிக்கு 'வரி முடிஞ்சது'ன்னு சொல்ற சிங்க்.

இப்போ 1 கிலோ இருக்க வேண்டிய இடத்துல 10 கிலோ போட்டுட்டா கருப்பு 0.03 வோல்ட் ஆயிடும், சிங்க்குக்கும் கருப்புக்கும் வித்தியாசமே இல்ல, டிவி எதைப் புடிச்சுகிட்டு நிக்கும்? பிரவுன்-கருப்பு-சிவப்பு 1 கிலோ, பிரவுன்-கருப்பு-ஆரஞ்சு 10 கிலோ, மஞ்ச பல்பு வெளிச்சத்துல அந்த மூணாவது வளையம் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். ரீசெட்டுக்கு வாங்கின 10 கிலோ பொட்டலத்துல இருந்து எடுத்துட்டா முடிஞ்சது. கலரை நம்பாதீங்க, அளங்க: சிப்பைக் கழட்டி, டிவி ஒயரையும் கழட்டி, பேஸோட 15ம் ஓட்டையில இருந்து ஆர்சிஏ நடு முள் வரைக்கும் 1000 சொச்சம், 13ல இருந்து 470 சொச்சம், 13க்கும் 15க்கும் நேரா அளந்தா 1470. நடு முள்ளுக்கும் வெளி வளையத்துக்கும் ஒண்ணும் காட்டக் கூடாது.

ரெண்டு ரெசிஸ்டரும் இடம் மாறியிருந்தா படம் வரும், ஆனா சோகையா வரும். கருப்பு 0.65 வோல்ட்டுக்கு ஏறிடும், வெள்ளைக்கும் அதுக்கும் 0.3 வோல்ட்தான் இடைவெளி. பிரைட்னஸ் கான்ட்ராஸ்ட் ஏத்தி சமாளிச்சுகிட்டு இருப்பீங்க, வேண்டாம், மாத்திப் போடுங்க.

அளவெல்லாம் சரி, படம் மட்டும் மேல மேல உருண்டு போகுதுன்னா ப்ரோக்ராம்ல என்டிஎஸ்சின்னு (அமெரிக்க டிவி முறை) இருக்கும். இணையத்துல கிடைக்கிற சாம்பிள் முக்கால்வாசி அமெரிக்காக்காரங்க எழுதினது, நொடிக்கு 60 தரம். நம்ம ஊர் டிவி பால் (PAL) முறை, 50 தரம். புது எல்இடி டிவி பலது ரெண்டையும் வாங்கிக்கும், பழைய டப்பா டிவி சிலது வாங்காது. அதே சமயம் சிங்க் கொஞ்சம் சோப்ளாங்கியா இருந்தா பழைய டிவி எப்படியாவது இழுத்துப் புடிச்சுக் காட்டும், புது டிவி யோசிக்காம நீலத் திரையைப் போட்டுடும். அதனால டெஸ்ட் பண்ண ரெண்டு வகையும் கிடைச்சா நல்லது.

படம் வருது, அடி வரியில புள்ளி புள்ளியா மின்னுது

ஹார்டுவேரை விட்டுடுங்க, இது ரேம். படத்துக்கான 1536 பைட்டோட கடைசிப் பகுதிதான் திரையோட அடிப்பக்கம், மேல் நுனியில இருந்து ஸ்டாக் (ப்ரோக்ராம் தற்காலிகமா எழுதி வைக்கிற ரேம் பகுதி) இறங்கி வந்து அதுல மோதுது, அந்த மோதலை நீங்க நேரடி ஒளிபரப்பா பாக்குறீங்க.  பிரிண்ட் பண்ற வார்த்தையெல்லாம் ஃபிளாஷ்லயே (ப்ரோக்ராம் உக்காந்திருக்குற மெமரி) இருக்குற மாதிரி மாத்துங்க, பஃபரைக் குறைங்க, அப்பவும் பத்தலன்னா 120க்கு 96ன்னு கொடுத்துப் பாருங்க, 96 பைட் மிச்சமாகும்.

கீ அழுத்தும்போது மட்டும் படம் பக்கவாட்டுல வெட்டிக்குதுன்னா அது சீரியல் இன்டரப்ட் (எழுத்து வந்ததும் நடக்குற வேலையை நிறுத்துற குறுக்கீடு) படம் வரையிற வேலைக்கு நடுவுல புகுறதால. டிவிஅவுட்டோட வர்ற போல்சீரியலுக்கு மாத்துங்க, அது வரி முடிஞ்ச இடைவெளியில மட்டும்தான் எழுத்து வந்திருக்கான்னு எட்டிப் பாக்கும்.

கீபோர்டு

சொருகுறதுக்கு முன்னாடி அளங்க. பிஎஸ்/2 சாக்கெட்ல 1 டேட்டா, 3 ஜிஎன்டி, 4 ஐஞ்சு வோல்ட், 5 கிளாக், 2ம் 6ம் சும்மா. சாக்கெட்டை முன்னாடி இருந்து பாத்த படத்தை வெச்சு பின்னாடி சால்டர் பக்கத்துக்கு ட்ராக் போட்டுட்டா 1-2, 3-4, 5-6ன்னு ஜோடி ஜோடியா மாறும். 3-4 மாறுதுன்னா என்ன அர்த்தம், கீபோர்டுக்கு பவர் தலைகீழா போகுது. பழைய பிஎஸ்/2 கீபோர்டு இனிமே கிடைக்கிறதே கஷ்டம், அதைப் பொசுக்கிடாதீங்க.

பவர் வந்ததும் கீபோர்டோட மூணு லைட்டும் ஒருதரம் பளிச்னு எரிஞ்சு அணையும், அது தன்னையே சோதிச்சுக்குது. அது நடந்தா பவர் சரி. அப்புறம் யாரும் எதையும் அழுத்தாதப்போ கிளாக், டேட்டா ரெண்டும் 5 வோல்ட் பக்கத்துல நிக்கணும். மூணு நாலு வோல்ட்ல தொங்கினா ரெண்டுக்கும் ஆளுக்கொரு 4.7 கிலோ ஓம் புல்அப் 5 வோல்ட்டுக்குப் போடுங்க, சிப்புக்குள்ள இருக்குற புல்அப் 20ல இருந்து 50 கிலோ ஓம், நீள ஒயருக்கு அது பத்தாது. கிளாக் சிப்போட 4ம் கால்லயோ 5ம் கால்லயோதான் வரணும், லைப்ரரி இன்டரப்டை நம்பித்தான் ஓடுது.

முதல் ரெண்டு எழுத்து சரியா வந்து அப்புறம் கண்டதும் வருதுன்னா ஒரு பிட் தவறிப்போச்சு, அதுக்கப்புறம் எல்லாமே ஒரு படி தள்ளி வரும். ஒயரைச் சுருக்குங்க, புல்அப்பைப் பாருங்க. யூஎஸ்பி கீபோர்டுக்கு ஊதா கலர் கன்வெர்ட்டர் மாட்டி லைட்டே எரியலன்னா தேடாதீங்க, அந்த கன்வெர்ட்டர் வெறும் ஒயர்தான், கீபோர்டுக்குள்ளயே பிஎஸ்/2 பேசத் தெரிஞ்சாதான் ஓடும், இப்போ வர்ற பலதுக்குத் தெரியாது.

கை வெச்சா ஓடுது, எடுத்தா நிக்குது

வீட்டு போர்டுல கடைசியா மிஞ்சுற வியாதி இதுதான், பொறுமை சோதிக்கும். ரெண்டு காரணம்: ட்ரை சால்டர், இல்ல ட்ராக்ல முடி விரிசல்.

மீட்டர் இங்க ஏமாத்தும். ப்ரோபை பேட் மேல அழுத்திப் புடிச்சா விரிசல் சேந்துக்கும், பீப் அடிக்கும், எடுத்தா பிரிஞ்சிடும். அதனால காப்பரைத் தொடாதீங்க, பொருளோட காலைத் தொடுங்க: பேஸ்ல சொருகின சிப்போட கால் தோள்பட்டையில ஒரு ப்ரோப், ட்ராக் போய்ச் சேர்ற ரெசிஸ்டரோட கால்ல மேல் பக்கம் இன்னொண்ணு. புடிச்சுகிட்டே இன்னொருத்தரை விட்டு போர்டு ஓரத்தை லேசா வளைக்கச் சொல்லுங்க. பீப் விட்டு விட்டு வந்தா ஆள் மாட்டினாரு. பவர் காலுக்கு இதையே வோல்ட்ல பண்ணலாம், கறுப்பு ப்ரோபை ரெகுலேட்டர் ஜிஎன்டில வைக்காம அதே சிப்போட 8லயும் 22லயும் மாத்தி மாத்தி வெச்சு 7, 20 அளந்தா எந்த ஜிஎன்டி அந்தரத்துல நிக்குதுன்னு தெரியும். 22ஐயும் 20ஐயும் ட்ராக் போடாம விட்டுட்டு 'ஏடிசி (அனலாக் வோல்ட் அளக்குற பகுதி) யூஸ் பண்ணல, எதுக்கு'ன்னு கேக்குறவங்க இருக்காங்க. நாலும் வேணும், ரெண்டு ஜோடிக்கும் ஒட்டினாப்ல 100 நானோஃபாரட்டும் வேணும், இல்லன்னா கீபோர்டு சொருகின நொடியில ரீசெட் ஆகும்.

விரிசல் எங்க வரும்னா, கீபோர்டு சாக்கெட், ஆர்சிஏ மாதிரி தினம் சொருகிப் புடுங்குற இடத்துப் பக்கத்துல. அப்புறம் ஃபெரிக் குளோரைடுல ரொம்ப நேரம் ஊறின ஓரங்கள்ல. மொபைல் கேமராவை ஜூம் பண்ணி சாய்வா லைட் அடிச்சுப் பாருங்க, பேட் வட்டமும் ட்ராக்கும் சேர்ற கழுத்துல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு தெரியும்.

விரிசல் மேல சும்மா சால்டரைத் தடவினா இன்னிக்கு ஓடும், மறுபடி வளையும்போது சால்டரும் அதே இடத்துல வெடிக்கும். வெட்டிப் போட்ட ரெசிஸ்டர் காலை எடுத்து, ட்ராக்கை நல்லா சுரண்டிப் பளபளப்பாக்கி, விரிசலுக்கு ரெண்டு பக்கமும் அஞ்சு மில்லிமீட்டர் போற மாதிரி படுக்க வெச்சு சால்டர் பண்ணுங்க. ட்ரை சால்டர்னா மங்கலா, உருண்டையா, காலைச் சுத்தி ஒரு வளையம் வெட்டின மாதிரி இருக்கும். அதுக்கு மேலயே புது சால்டர் வைக்காதீங்க, பழசை உறிஞ்சி எடுத்துட்டு, ஃப்ளக்ஸ் தொட்டு, பேடையும் காலையும் சேத்து சூடு பண்ணி வைங்க. இந்த இடத்துல அயர்ன் எடுக்கலாம், இடம் தெரிஞ்சாச்சே.

எல்லாம் ஓடுது, ஆனா சேவ் பண்ண ப்ரோக்ராம் காணாமப் போகுது

டைனி பேசிக் பிளஸ்ல ஈசேவ் போட்டா ப்ரோக்ராம் சிப்போட 1 கேபி ஈஈப்ராம்ல உக்காரும், பவர் போனாலும் இருக்கும். ஆனா யூஎஸ்பிஆஸ்ப் வெச்சு புதுசா ஏதாவது அடிச்சா சிப்பை முழுசா அழிக்கும்போது இதையும் சேத்து அழிச்சிடும். பூட்லோடர் வழியா சீரியல்ல அப்லோட் பண்ணா ஈஈப்ராமைத் தொடாது. யூஎஸ்பிஆஸ்ப்தான் வசதின்னா மேல் ஃபியூஸை டிஈல இருந்து டி6க்கு மாத்துங்க, அழிக்கும்போது ஈஈப்ராமை விட்டுடும். மாத்துறதுக்கு முன்னாடி உள்ள இருக்குறதை ஏவிஆர்டியூட்லயே ஒரு ஃபைலா படிச்சு எடுத்து வெச்சுக்கோங்க.